அன்னூரிலிருந்து வந்த கடல் பூ

கோயமுத்தூரில் கடல் இல்லை என்பதை எனக்கு எடுத்துச் சொல்லாத உறவுக்காரர்களே இல்லை. கணபதிப் பகுதியில் எங்கள் வீட்டுக் கூடத்தில் இருக்கும் இரண்டடிக் கண்ணாடித் தொட்டியைப் பார்ப்பார்கள். உப்புத் தண்ணீர் என்று தெரிந்ததும் முகம் மாறிவிடும். "ஏனுங்க, ஊரே சிறுவாணித் தண்ணிக்கு அடிச்சுக்குது, நீங்க அதுல உப்பக் கரைச்சு வெச்சிருக்கறீங்களே" என்பார்கள். அந்தத் தண்ணீரையும் நான் நேராக ஊற்றுவதில்லை, வடிகட்டும் இயந்திரத்தில் விட்டு அதில் இருக்கிற ருசியையும் எடுத்துவிட்டுத்தான் கடல் உப்பைக் கலக்கிறேன் என்று சொல்ல மாட்டேன். சொன்னால் என்னை வைத்தியரிடம் கூட்டிப் போகச் சொல்லி என் வீட்டுக்காரரிடம் யோசனை கூறுவார்கள்.

அந்தத் தொட்டி வந்தது அப்பா இறந்த வருஷம். கடைசிக் காலம் முழுக்க அப்பா எங்களிடம்தான் இருந்தார். புண்ணைத் துடைப்பது, மருந்து வைப்பது, திருப்பிப் படுக்க வைப்பது என்று ஓடிக்கொண்டிருந்த கைகள் ஒரு நாள் காலையில் சும்மா நின்றன. கோயிலுக்குப் போ, மனசு ஆறும் என்றார்கள். எனக்குக் கோயில் வரிசையில் நிற்கிற பொறுமை கிடையாது. தினமும் பார்த்தே ஆக வேண்டிய ஏதாவது ஓர் உயிர் வேண்டும்போல இருந்தது. அப்போது கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த மகள்தான் என்னை ஒரு மீன் கடைக்கு இழுத்துப் போனாள். அங்கே ஒரு சின்னக் கல்லில் மூன்று பச்சைப் பொத்தான்கள் ஒட்டிக்கொண்டிருந்தன. பட்டன் பவளம் என்றார் கடைக்காரர். வெளிச்சம் விழுந்ததும் மூன்றும் மெதுவாக விரிந்தன, நடுவில் ஆரஞ்சு வளையம் தெரிந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. மகள் அவசர அவசரமாக வேறு பக்கம் பார்த்தாள்.

அந்த மூன்றும் பெருகி, கல்லையே மூடி, பக்கத்துக் கல்லுக்கும் தாவிவிட்டன. இரண்டு மீன்களும் ஒரு நத்தையும் கூட இருந்தன என்றாலும் தொட்டி என்றால் எனக்கு அந்தப் பச்சைதான்.

இனி என் வாயைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் நடந்தது புரியாது. உள்ளதைச் சொன்னால் நொள்ளைக் கண்ணனுக்கு நோப்பாளம் என்பார்கள். நான் சின்ன வயதிலிருந்தே நாலு பேருக்கு அந்த எரிச்சலை உண்டாக்கிக்கொண்டேதான் வளர்ந்தேன். அப்பாவின் பதினாறாம் நாள் காரியத்துக்கு என் அண்ணன் தொண்டாமுத்தூர்ப் பக்கத்திலிருந்து வந்திருந்தார். பந்தலில் உறவுக்காரர்கள் நடுவே உட்கார்ந்து, அப்பாவைத் தான் எப்படியெல்லாம் பார்த்துக்கொண்டோம் என்று விவரித்துக்கொண்டிருந்தார். நான் காப்பித் தட்டோடு அங்கே போனேன். பேசாமல் தட்டை வைத்துவிட்டு வந்திருக்கலாம்.

"அப்பாவுக்கு எந்தக் காலுலண்ணா புண்ணு? சொல்லு பாக்கலாம்" என்று கேட்டுவிட்டேன்.

அவருக்குத் தெரியவில்லை. அவர் எழுந்து, சாப்பிடாமல் வண்டியேறிப் போனார். அதற்குப் பிறகு எங்கள் வீட்டுக்கு வரவே இல்லை. பொங்கலுக்குப் பிறந்த வீட்டுச் சீர் வருவதும் அந்த வருஷத்தோடு நின்றது.

எங்கள் பக்கத்துப் பெண்களுக்கு அந்தச் சீர் பண்டத்துக்காக அல்ல. தேங்காயும் பழமும் கடையிலேயே கிடைக்கின்றன. பொங்கலன்று அண்ணன் தம்பி என்று ஒருவர் செருப்பைக் கழற்றிவிட்டு வாசலேறி வரவேண்டும், அவ்வளவுதான். நான் கேட்டது நியாயமான கேள்வி. இன்றைக்கும் அதையேதான் கேட்பேன். ஆனாலும் ஒவ்வொரு பொங்கலுக்கும் அடுப்படியில் நிற்கும்போது காது மட்டும் வாசல் கேட்டிலேயே இருக்கும். அது எனக்கு வெட்கமாக இருக்கும், கோபமாகவும் இருக்கும்.

பிறகு மகளுக்கு அன்னூரில் மாப்பிள்ளை அமைந்தது. மாப்பிள்ளையின் அப்பா விவசாயம் பார்ப்பவர், மனைவியை இழந்தவர். முறைப்படி எனக்கு அண்ணன் ஆகிறார். நிச்சயத்தன்றே என்னை "அம்மணி" என்றுதான் கூப்பிட்டார். என் தொட்டியை முதலில் பார்த்த அன்று அவர் மட்டும் கேலி செய்யவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, காப்பி ஆறும் வரைக்கும் பார்த்துக்கொண்டே இருந்தார். ஆறு மாதத்துக்குள் அன்னூர் வீட்டில் என்னுடையதைப் போல இரண்டு மடங்கில் ஒரு தொட்டி வந்துவிட்டது. ஆரம்பத்தில் அடிக்கடி போன் செய்து சந்தேகம் கேட்பார். பிறகு கேட்பதை நிறுத்திவிட்டார். ஆள் தேறிவிட்டார் என்று நினைத்துக்கொண்டேன்.

கல்யாணமாகி வந்த முதல் பொங்கல். மகளையும் மாப்பிள்ளையையும் எதிர்பார்த்துக்கொண்டிருந்தோம். அவர்களோடு சம்பந்தியும் காரிலிருந்து இறங்கினார். கையில் தாம்பாளம், அதில் தேங்காய், பழம், மஞ்சள் கொத்து. மாப்பிள்ளை வீட்டார் பெண் வீட்டுக்குப் பொங்கல் சீர் கொண்டுவருவது எங்கேயும் இல்லாத வழக்கம். என் வீட்டுக்காரர் எழுந்து நின்றே விட்டார்.

"அண்ணன் ஊட்டுச் சீருங்க அம்மணி" என்றார் சம்பந்தி. "எனக்குக் கூடப்பொறந்த பொறப்பு இல்லீங்க. சீரு குடுக்க ஒரு தங்கச்சி இல்லாமயே பாதி ஆயுசு போயிருச்சு. இனி வருசா வருசம் வாரேன்."

எனக்குப் பேச்சு வரவில்லை. இது அடிக்கடி நடக்கிற காரியம் இல்லை என்பதால் வீட்டுக்காரர் என்னைக் கவலையோடு பார்த்தார்.

தட்டோடு, மூடி போட்ட ஒரு தூக்குப்போசியும் இருந்தது. "மொதல்ல இதத் தொறங்க" என்றார் சம்பந்தி. திறந்தேன். உள்ளே உப்புத் தண்ணீர், தண்ணீருக்குள் ஒரு கல், கல்லின் மேல் பழுப்பு நிறத்தில் கண்ணாடி போன்ற ஒரு பூ. மெல்லிய நீள விரல்களை விரித்து ஆட்டிக்கொண்டிருந்தது.

பார்த்த கணத்திலேயே தெரிந்துவிட்டது. கடல் தாமரை என்று சொல்லப்படும் அனிமோன்களில் அது ஒரு வகை. ஐப்டேசியா என்று பெயர். கடல் தொட்டி வைத்திருப்பவர்கள் அந்தப் பெயரைக் கேட்டாலே நெஞ்சில் கை வைப்பார்கள். அசல் களை. கொட்டும் விரல்களால் பக்கத்தில் இருக்கும் பவளங்களைச் சுட்டுக் கருக்கிவிடும். வெட்டினால் வெட்டிய ஒவ்வொரு துணுக்கும் ஒரு முழு அனிமோனாக வளரும். ஒன்று நுழைந்தால் போதும், தொட்டி அதனுடையது.

"நம்ம தொட்டியில பூத்ததுங்க" என்றார் அவர். "உங்களுக்குன்னே எடுத்தாந்தேன்."

சீர் வந்தால் இரண்டு கையாலும் வாங்க வேண்டும். பலகாரம் என்றால் கொண்டுவந்தவர் எதிரிலேயே ஒரு வாய் சாப்பிட வேண்டும், துணி என்றால் அவர் கிளம்புவதற்குள் உடுத்திக் காட்ட வேண்டும். அப்புறம் பார்க்கலாம் என்று உள்ளே எடுத்து வைப்பது அவமரியாதை. அப்படியானால் தொட்டிக்கென்று வந்த சீரை என்ன செய்வது? அவருக்குப் பின்னால் நின்ற மகள், வாயைத் திறந்தால் தொலைந்தாய் என்று கண்ணாலேயே சொன்னாள். சொல்லியிருக்கவே வேண்டாம். நான் வாயைத் திறக்கிற நிலையில் இல்லை. எத்தனையோ வருஷம் கழித்து ஓர் அண்ணன் வாசலேறி வந்திருந்தார். அவர் கொண்டுவந்தது பாம்பாக இருந்திருந்தாலும் அன்றைக்கு நான் பால் வார்த்திருப்பேன்.

"அந்தப் பச்சப் பட்டனுக்குப் பக்கத்துல வைங்க, எடுப்பா இருக்கும்" என்றார்.

வளையல்களை மேலே தள்ளிவிட்டு, என் கையாலேயே அந்தக் கல்லை அங்கே வைத்தேன். எல்லோரும் பார்த்துச் சந்தோஷப்பட்டார்கள்.

அவர்கள் போன பிறகு என்ன விஷயம் என்று வீட்டுக்காரரிடம் சொன்னேன். "அவ்வளவுதானே, இப்பவே எடுத்து எறிஞ்சுபோடு. அவுரு வந்தா செத்துப்போச்சுன்னு சொல்லிக்கலாம்" என்றார். அவர் பம்பு கம்பெனியில் இருந்து ஓய்வு பெற்றவர், பழுதானதை மாற்றிவிட்டுப் போகிற ஆள். நானும் எடுக்கத்தான் போனேன். தண்ணீருக்குள் கையை விட்டு, கல்லைத் தொட்டு, விட்டுவிட்டேன். சீராக வந்ததைக் குப்பைத் தொட்டியில் போட எனக்குக் கை வரவில்லை. மூலைக்கு மட்டும் நகர்த்தி வைத்தேன். அந்த ஞாயிற்றுக்கிழமை வீடியோ அழைப்பில் சம்பந்தி வந்தார். "தொட்டியக் காட்டுங்க அம்மணி. நம்ம பூவு எங்கீங்க? எடத்த மாத்திப்போட்டீங்களா?" வெளிச்சத்துக்காக என்று ஏதோ சமாளித்துவிட்டு, பழைய இடத்திலேயே கொண்டுபோய் வைத்தேன்.

சித்திரை வெயில் வருவதற்குள் அதன் பிள்ளைகள் தெரிய ஆரம்பித்தன. முதலில் கல்லின் பின்புறம், பிறகு கண்ணாடியில், பிறகு தண்ணீர்க் குழாயின் வாயில். நான் வெளியே போயிருந்த ஒரு மத்தியானம் வீட்டுக்காரர் உதவி செய்கிறேன் என்று பிளேடு போட்டுக் கண்ணாடியைச் சுத்தமாகச் சுரண்டிவிட்டார். தோட்டத்தில் கோரையை மேலாக்க வெட்டிவிட்டுக் களை போய்விட்டது என்று நினைப்பவர்கள் உண்டு. கோரைக்குக் கிழங்கு இருக்கிறது, வெட்ட வெட்ட வரும். இதுவும் அப்படித்தான் வந்தது. சுரண்டிய துணுக்குகள் தொட்டி முழுக்க மிதந்துபோய் ஆங்காங்கே உட்கார்ந்தன. அவரை நான் திட்டிய திட்டு பக்கத்து வீட்டுக்குக் கேட்டிருக்கும். சம்பந்தியைத் திட்ட முடியாததையும் சேர்த்து அவருக்கே கொடுத்தேன், பாவம்.

அப்புறம் முறையாக இறங்கினேன். வீட்டுக்காரருக்குச் சர்க்கரை இருப்பதால் இன்சுலின் ஊசிக்குப் பஞ்சமில்லை. புது ஊசியில் எலுமிச்சைச் சாறு ஏற்றி, அனிமோனின் வாய்க்குள் குத்தினேன். தொடும் முன்பே அது ஓட்டைக்குள் சுருங்கிக்கொள்ளும். பொறுமையாக இருந்து, அது மறுபடி விரியும்போது ஒரே குத்தில் முடிக்க வேண்டும். பாதி தப்பித்தன. அடுத்தது சுண்ணாம்பு. பெட்டிக்கடையில் வெற்றிலைக்குத் தடவுகிற வெள்ளைச் சுண்ணாம்பை வாங்கிக் கொஞ்சம் தண்ணீர் விட்டுக் குழைத்து, ஊசி முனையை நறுக்கிவிட்டு அதனால் ஒவ்வொன்றின் வாயிலும் ஒரு பொட்டு வைப்பேன். தண்ணீர் அசையாமல் இருக்கப் பம்பை நிறுத்திவிட வேண்டும். ஒரே நாளில் நிறையப் போட்டால் தண்ணீரின் காரத்தன்மை ஏறி மீனே செத்துப்போகும் என்பதால் தினமும் கொஞ்சம்தான். இது நன்றாகவே வேலை செய்தது. சுண்ணாம்பை இரை என்று நினைத்து வாங்கிக்கொண்டு, அப்படியே வெந்து கரைந்துபோகும். அதைப் பார்க்கும்போது எனக்கு ஒவ்வொரு தடவையும் பாவமாக இருக்கும். கடலில் அது யாருக்கும் களை இல்லை. என் இரண்டடிக்குள் வந்ததுதான் அது செய்த தப்பு, அதுவும் அதுவாக வரவில்லை.

கடைக்காரர் வேறொரு வழி சொன்னார். இந்த அனிமோனையே தின்கிற ஒரு வகை இறால் இருக்கிறது, இரண்டை வாங்கி விட்டால் ஒரு மாதத்தில் துடைத்துவிடும் என்றார். துடைத்துவிடும், சரி. தாயையும் சேர்த்தல்லவா துடைத்துவிடும்? எது சம்பந்தி கொடுத்தது, எது தானாக முளைத்தது என்று இறாலுக்கு எப்படிச் சொல்லிக் கொடுப்பது? வாங்காமல் திரும்பி வந்தேன். அந்த வருஷம் என் பிழைப்பு அப்படி ஆகிவிட்டது. பிள்ளைகளை எல்லாம் ஒன்று விடாமல் கொல்வேன், தாயை மட்டும் சம்பந்தியின் ஞாயிற்றுக்கிழமை அழைப்புக்காகக் காப்பாற்றி வைப்பேன். அது நன்றாக விரிந்து, கொழுத்து, போனில் அழகாகத் தெரியும். அவரும் பார்த்துவிட்டு, "உங்க கைராசிங்க அம்மணி" என்பார்.

மகளிடம் புலம்பினேன். "அம்மா, அவுரு அந்தப் பூவப் பத்தி ஊரெல்லாம் சொல்லி வெச்சிருக்காரும்மா. எந்தங்கச்சி ஊட்ல வெச்சு வளக்கறாங்கன்னு. நீ எதையாவது சொல்லி அவுரு மூஞ்சி வாடிப்போச்சுன்னா நான் எப்புடி இங்க பொழங்கறது?" என்றாள். அவள் சொல்வதும் சரிதான். என் வாய் ஒரு தடவை திறந்ததற்கு என்ன ஆயிற்று என்று அவளுக்கும் தெரியும். எனக்கு மகளைப் பற்றிய பயத்தைவிட என்னைப் பற்றிய பயமே அதிகமாக இருந்தது. இன்னோர் அண்ணனையும் வாயால் விரட்டிவிட்டுப் பொங்கலன்று கேட்டைப் பார்த்துக்கொண்டிருக்க என்னால் முடியாது.

இதற்குள் பச்சைப் பொத்தான்கள் மூட ஆரம்பித்திருந்தன. அனிமோனின் விரல் படுகிற பக்கத்தில் முதலில் ஒரு வரிசை விரியவில்லை. நாளாக நாளாக அது பாதிக் கல்லாயிற்று. மூடியவை சுருங்கி, வெளிறி, ஒரு நாள் இருந்த இடம் தெரியாமல் போயின. விளக்குப் போட்டதும் எத்தனை விரிகின்றன என்று பார்க்கவே பயந்து, காலையில் தொட்டிப் பக்கம் போவதைத் தள்ளிப்போட ஆரம்பித்தேன். அப்பாவைப் பார்த்துக்கொண்ட கடைசி நாட்களில்தான் அப்படி இருந்திருக்கிறேன்.

ஆடி பிறந்து காற்றடிக்கத் தொடங்கியிருந்தது. சம்பந்தி, கருகிப்போன கிணற்று மோட்டாருக்குக் காயில் கட்டக் கொடுக்க டவுனுக்கு வந்தவர், சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்கு வந்துவிட்டார். வீட்டுக்காரர் காப்பித்தூள் வாங்கக் கடைக்கு ஓடினார். சம்பந்தி நேராகத் தொட்டிக்குப் போய்க் குனிந்து பார்த்தார்.

"அட, நம்ம பூவு குட்டி போட்டிருக்குதுங்க!" குழாய் வாயில் நான் விட்டுவிட்ட மூன்றைக் கண்டுபிடித்துவிட்டார். சிரித்துக்கொண்டே பார்த்தவர் பக்கத்துக் கல்லை உற்றுப் பார்த்தார். "ஏனுங்க அம்மணி, அந்தப் பச்சப் பட்டன் நெறைய இருந்துச்சே. எங்கீங்க?"

பொய் சொல்ல வேண்டும் என்றுதான் வாயைத் திறந்தேன்.

"அதத் தின்னது உங்க பூவுதானுங்க அண்ணா" என்று வந்துவிட்டது. வந்த பிறகு நிறுத்த முடியவில்லை. அது களை என்பதை, பெருகுவதை, சுண்ணாம்பு வைப்பதை, தாயை மட்டும் விட்டு வைத்திருப்பதை எல்லாம் சொன்னேன். அவர் தொட்டியைப் பார்த்தபடியே கேட்டுக்கொண்டிருந்தார். முகம் வாடித்தான் போயிற்று.

"எங்க தொட்டியில மத்ததெல்லாம் செத்துப்போச்சுங்க" என்றார் கடைசியில். "மீனு, பவளம் எதுவுமே நிக்கல. உங்ககிட்டக் கேக்கறதுக்கும் கூச்சமா இருந்துச்சு. பொழச்சது அது ஒண்ணுதானுங்க. பொழச்சதத்தானுங்களே சீராக் குடுக்கோணும்னு எடுத்தாந்தேன்."

அந்த மனுஷர் தன்னிடம் உயிரோடு இருந்த ஒன்றே ஒன்றை எனக்குக் கொண்டுவந்து கொடுத்திருக்கிறார்.

"சுண்ணாம்பு எங்க வெச்சிருக்கறீங்க? குடுங்க, நானே போடறேன்" என்றார். பம்பை நிறுத்தினேன். ஊசியை எப்படிப் பிடிப்பது என்று காட்டினேன். முழங்கை வரைக்கும் சட்டையைச் சுருட்டிவிட்டு, அவர் கொண்டுவந்த பூவின் வாயில் அவரே சுண்ணாம்பை வைத்தார். அது ஒரு தடவை விரல்களைக் குவித்தது, பிறகு வெளுத்து உள்ளே இழுத்துக்கொண்டது. தண்ணீர் தெளியட்டும் என்று இருவரும் அங்கேயே உட்கார்ந்திருந்தோம்.

"இது களைன்னு உங்களுக்கு எப்பத் தெரிஞ்சுதுங்க?" என்று கேட்டார்.

"போசியத் தொறந்தப்பவே தெரியுமுங்க."

அவர் திரும்பி என்னைப் பார்த்தார். நான் சொன்னது எதற்கும் வராத வலி அந்த முகத்தில் இப்போதுதான் வந்தது.

"சொந்த அண்ணனா இருந்திருந்தா அன்னைக்கே மூஞ்சிக்கு நேராச் சொல்லியிருப்பீங்க. இல்லீங்களா அம்மணி?"

கோபித்துக்கொண்டிருந்தால் சமாளித்திருப்பேன், கோபம் எனக்குப் பழக்கமான விஷயம். அவர் நொந்துபோய்க் கேட்டார். இத்தனை நாளும் அவரைக் காப்பாற்றிக்கொள்வதாக நினைத்து அவரை வெளி ஆளாகவே வாசலில் நிறுத்தி வைத்திருக்கிறேன் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டேன். மனசு ஆறவில்லை. பேசாமல் இருக்கவும் முடியவில்லை.

"உங்க தொட்டியில மீனு இருந்தப்ப ஒரு நாளைக்கு எத்தன தடவ தீனி போட்டீங்க?" என்று கேட்டேன்.

"மூணு வேளையும் போட்டனுங்க. நாம உக்காந்து சாப்பிடறப்ப அதுக பாத்துக்கிட்டே இருக்குமில்லீங்க? மனசு கேக்கலீங்க. சாயங்காலம் டீ குடிக்கறப்பவும் கொஞ்சம் போடுவேன்."

தின்றது போக மிஞ்சிய தீனியெல்லாம் தண்ணீரில் அழுகி, பவளத்தைக் கொன்று, அந்தக் களைக்குத்தான் விருந்தாகியிருக்கிறது. எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது.

"அண்ணா, உங்களுக்குக் கொஞ்சமாச்சும் அறிவிருக்குதா?" என்றேன்.

சொன்ன பிறகுதான் யாரிடம் சொன்னேன் என்று தெரிந்தது. காப்பித்தூள் பொட்டலத்தோடு வீட்டுக்காரர் அப்போதுதான் கேட்டைத் திறந்துகொண்டு உள்ளே வந்தார். சம்பந்தி உட்கார்ந்த இடத்திலிருந்தே, ஊருக்கே கேட்கிற குரலில், நல்ல சேதி சொல்வதைப் போல அவரைக் கூப்பிட்டார்.

"மச்சான்! வெரசா வாங்க! அம்மணி என்னையத் திட்டிப்போட்டாங்க!"